சிங்கப்பூர் கட்டுமான சைட்டில் பாதுகாப்பை யார் கவனிக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூருக்குக் கட்டுமான வேலைக்கு வந்திருப்பவர்கள், வரப்போகிறவர்கள், ஊரில் இருக்கும் அவர்கள் வீட்டார் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சட்டம் என்ன சொல்கிறது என்பதோடு சைட்டில் அது எப்படி நடக்கிறது என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

சைட்டைக் கண்காணிப்பது எந்த அரசாங்க அலுவலகம்?

முக்கியமாக இரண்டு. கட்டடம் நிற்குமா என்று பார்ப்பது கட்டட, கட்டுமான ஆணையம். பேச்சில் பிசிஏ. கட்டுகிற ஆள் பத்திரமாக இருக்கிறாரா என்று பார்ப்பது மனிதவள அமைச்சு, அதாவது எம்ஓஎம்.

பிசிஏ பக்கம் இவ்வளவு கறாராக இருப்பதற்கு 1986 மார்ச் 15 ஒரு பெரிய காரணம். அன்று சிராங்கூன் ரோட்டில் ஹோட்டல் நியூ வோர்ல்ட் இருந்த ஆறு மாடிக் கட்டடம் இடிந்து 33 பேர் இறந்தார்கள். கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் சேர்க்காமல் வடிவமைத்திருந்தது விசாரணையில் தெரியவந்தது. 1989ல் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. இப்போது ஒரு பொறியாளர் போட்ட கணக்கை, அவருக்குச் சம்பந்தமில்லாத இன்னொரு பொறியாளர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். சிறு கட்டடங்கள் தவிர மற்றவற்றுக்கு இது கட்டாயம்.

சைட்டில் வேலை செய்கிறவருக்கு அன்றாடம் சம்பந்தப்பட்டது எம்ஓஎம்தான். இனி வருவது பெரும்பாலும் அதைப் பற்றி.

இப்போதைய சட்டம் எப்போது, ஏன் வந்தது?

வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2006 மார்ச் மாதம் நடப்புக்கு வந்தது. அதற்கு முன்பு தொழிற்சாலைச் சட்டம் இருந்தது. மாற்றியதற்குக் காரணம் 2004ல் அடுத்தடுத்து நடந்த மூன்று விபத்துகள்.

முதலாவது ஏப்ரல் 20, நிக்கல் நெடுஞ்சாலை. சர்க்கிள் லைன் ரயில் பாதைக்காகத் தோண்டிய ஆழமான பள்ளத்தின் தடுப்புச் சுவர் மாலை மூன்றரை மணி வாக்கில் சரிந்து, பக்கத்தில் இருந்த நெடுஞ்சாலையையும் இழுத்துக்கொண்டு போனது. நான்கு பேர் இறந்தார்கள். அதில் ஃபோர்மன் ஒருவர். தன் ஆட்களை மேலே ஏற்றிவிட்டு உள்ளே மாட்டிக்கொண்டவர். அவர் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. ஒன்பது நாள் கழித்து ஃபியூஷனோபோலிஸ் சைட்டில் கம்பிக் கூடு சாய்ந்து இருவர் இறந்தார்கள். மே மாதம் கெப்பல் கப்பல் பட்டறையில் ஒரு கப்பலில் தீப்பிடித்து ஏழு பேர்.

நிக்கல் நெடுஞ்சாலை விசாரணைதான் பாடமாகிப்போனது. சுவர் திடீரென்று விழவில்லை. மண் அளவுக்கு மேல் நகர்கிறது என்று கருவிகள் வாரக்கணக்கில் காட்டிக்கொண்டிருந்தன. அளவு எல்லையைத் தாண்டியபோது, கணக்கைத் திரும்பப் போட்டு எல்லையை உயர்த்திவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். விபத்து நாளன்று காலையிலேயே கீழே பெரிய சத்தம் கேட்டது, தாங்கு சட்டங்கள் நெளிந்திருந்ததும் தெரிந்தது. அப்போதும் ஆட்களை மொத்தமாக மேலே கூப்பிடவில்லை.

பழைய சட்டம் ஒரு பட்டியல் மாதிரி: இதைச் செய், அதைச் செய். பட்டியலில் இல்லாததற்கு யாரும் பொறுப்பில்லை. புதிய சட்டம், ஆபத்தை உண்டாக்குகிறவரே அதற்குப் பொறுப்பு என்கிறது. முதலாளி, மெயின் கான்ட்ராக்டர், கிரேனைக் கொடுத்தவர் என்று ஒவ்வொருவர் மேலும் கடமையை வைத்தது. யாருக்கும் அடிபடாமலேயே, ஆபத்தான நிலையில் சைட்டை வைத்திருந்ததற்காக மட்டும் வழக்குப் போடலாம்.

எல்லா சைட்டுக்கும் இன்ஸ்பெக்டர் வருவாரா?

வர முடியாது. தீவு முழுக்கத் தோண்டிக்கொண்டும் கட்டிக்கொண்டும் இருக்கிறார்கள். அத்தனை சைட்டிலும் தினம் நிற்க எந்த அமைச்சிடமும் ஆள் கிடையாது. அதனால் கண்காணிப்பில் பெரும்பகுதியைச் சட்டம் கம்பெனியின் தலையிலேயே கட்டியிருக்கிறது. ஒப்பந்தத் தொகை 1 கோடி வெள்ளியோ (சிங்கப்பூர் டாலர்) அதற்கு மேலோ என்றால் முழுநேர சேஃப்டி ஆபீசர் வேண்டும். அதற்குக் கீழே என்றால் சேஃப்டி கோஆர்டினேட்டர். 2024 ஜூனிலிருந்து 50 லட்சம் வெள்ளிக்கும் அதற்கு மேலும் உள்ள சைட்டுகளில் ஆபத்தான இடங்களில் கேமரா கட்டாயம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சேஃப்டி ஆபீசருக்குச் சம்பளம் தருவது கம்பெனி. புராஜெக்ட் மேனேஜர் அவசரப்படும்போது 'நிறுத்து' என்று சொல்லத் துணிச்சல் வேண்டும். எல்லாருக்கும் அது இருப்பதில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தால் எதைப் பார்ப்பார்?

முன்னறிவிப்பு இல்லாமல் வரலாம். ஃபைலைக் கேட்பார். ஆனால் ஃபைல் எல்லா சைட்டிலும் அழகாகத்தான் இருக்கும். விஷயம் தெரிந்தவர் காகிதத்தையும் இடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்.

பெர்மிட் டு வொர்க் என்று ஒரு தாள் உண்டு. ஒன்றரை மீட்டருக்கு மேல் பள்ளம் தோண்ட, இடிக்க, பைலிங் (அடித்தளத் தூண்) போட, கிரேனில் தூக்க, மூன்று மீட்டருக்கு மேல் விழும் ஆபத்துள்ள உயரத்தில் வேலை செய்ய, இந்தத் தாள் இல்லாமல் கை வைக்கக் கூடாது. சூப்பர்வைசர் கேட்பார், பாதுகாப்பை மதிப்பிடுகிறவர் இடத்துக்குப் போய்ப் பார்ப்பார், மேனேஜர் கையெழுத்துப் போடுவார். நகல் ஒன்று வேலை நடக்கும் இடத்திலேயே ஒட்டியிருக்க வேண்டும்.

அந்தத் தாளில் 'லைஃப்லைன் கட்டப்பட்டது' (கொக்கி மாட்டும் பாதுகாப்புக் கயிறு) என்ற கட்டத்தில் டிக் இருக்கும். நிமிர்ந்து பார்த்தால் விளிம்பில் நிற்கிற ஆள் உடம்பில் கட்டியிருக்கும் பாதுகாப்புப் பட்டையான ஹார்னஸிலிருந்து கொக்கி சும்மா தொங்கும். மாட்டுவதற்குப் பக்கத்தில் கயிறும் இல்லை, கம்பியும் இல்லை. அல்லது காலை எட்டு மணி வேலைக்கு, ஏழு மணிக்கே ஆபீஸ் கன்டெய்னரில் உட்கார்ந்து மூன்று கையெழுத்தும் ஒரே பேனாவில் விழுந்திருக்கும். இப்படிப்பட்ட இடத்தில்தான் கம்பெனி மாட்டிக்கொள்ளும். இரண்டு மீட்டருக்கு மேல் விழக்கூடிய திறந்த ஓரத்தில் தடுப்புக் கம்பி இருக்கிறதா, அது ஒரு மீட்டர் உயரமாவது இருக்கிறதா, தரையில் விட்ட ஓட்டைகள் மூடியிருக்கின்றனவா என்பதையெல்லாம் கண்ணாலேயே பார்த்துவிடுவார்கள்.

தவறு கண்டுபிடித்தால் கம்பெனிக்கு என்ன ஆகும்?

முதலில் எல்லாரும் கேட்பது அபராதம். சட்டத்தின் பொதுப் பிரிவில் கம்பெனிக்கு முதல் முறை 5 லட்சம் வெள்ளி வரை, மறுபடியும் செய்தால் 10 லட்சம் வரை. தனி ஆளுக்கு 2 லட்சம் வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். சட்டத்தின் கீழ் வரும் விதிமுறைகளை மீறினால் உச்ச அபராதம் 20,000 வெள்ளியாக இருந்தது. 2024 ஜூனில் அதை 50,000 ஆக்கினார்கள்.

நீதிமன்றமும் இறுக்கிப் பிடித்திருக்கிறது. 2014 ஜனவரியில் ஃபியூஷனோபோலிஸ் பகுதியில் இரண்டு பங்களாதேஷ் ஊழியர்கள் ஒரு ஏர் கம்ப்ரஸரைச் சரக்கு மேடைக்கு மாற்றும்போது அதோடு சேர்ந்து கீழே விழுந்து இறந்தார்கள். கான்ட்ராக்டருக்கு முதலில் விதித்த 1,50,000 வெள்ளி அபராதத்தை 2016ல் உயர் நீதிமன்றம் 2,50,000 ஆக உயர்த்தியது. ஆள் செத்தாரா இல்லையா என்பதை மட்டும் பார்க்காமல், எவ்வளவு பெரிய ஆபத்தை உண்டாக்கி வைத்திருந்தார்கள் என்பதையும் பார்த்துத் தண்டனை தர வேண்டும் என்ற அளவுகோலும் அந்தத் தீர்ப்பில் வந்தது.

ஆனால் என் கணக்கில் கம்பெனியை உண்மையில் பயமுறுத்துவது இரண்டு வேறு விஷயங்கள்.

ஒன்று, வேலை நிறுத்த ஆணை. சைட்டின் ஒரு பகுதியையோ முழு சைட்டையோ மூடிவிடுவார்கள். 2016ல் இதன் குறைந்தபட்சக் காலத்தை இரண்டு வாரத்திலிருந்து மூன்று வாரமாக நீட்டினார்கள். வாடகை கிரேன் சும்மா நிற்கும், சப்கான்ட்ராக்டர் காத்திருப்பார், ஒப்படைக்கும் தேதி தள்ளிப்போகும். ஆயிரங்களில் ஓர் அபராதத்தைக் கட்டிவிட்டு மறுநாள் வேலையைத் தொடங்கிவிடலாம். மூன்று வாரத்தை எங்கிருந்து திரும்ப வாங்குவது?

இரண்டாவது, விதி மீறலுக்காக அமைச்சு போடும் குறைபாட்டுப் புள்ளிகள். 18 மாதத்துக்குள் 25 புள்ளி சேர்ந்தால் மூன்று மாதத்துக்குப் புதிய வெளிநாட்டு ஊழியரை எடுக்க முடியாது. புள்ளி ஏற ஏறத் தடை நீளும். 125ஐத் தொட்டால் இரண்டு வருடத்துக்குப் புதிய ஆளும் கிடையாது, இருக்கிற ஆளின் வொர்க் பெர்மிட்டையும் புதுப்பிக்க முடியாது. ஊழியர் படையே வொர்க் பெர்மிட்டில் நிற்கும் தொழில் இது. கடையை மூடு என்று சொல்வதற்குச் சமம். 2024 ஏப்ரலிலிருந்து, 25 புள்ளியைத் தொட்ட கம்பெனி அரசாங்கக் கட்டுமான டெண்டரில் கலந்துகொள்ளவும் தற்காலிகத் தடை உண்டு.

சைட்டை மூடினால் எங்கள் சம்பளம்?

வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அமைச்சிடம் தெரிவித்த நிலையான மாதச் சம்பளத்தை முதலாளி தர வேண்டும். இது வொர்க் பெர்மிட் நிபந்தனை. ஆனால் ஓட்டி (ஓவர்டைம் சம்பளம்) போய்விடும். ஊருக்கு அனுப்பும் பணத்தில் பாதி ஓட்டியில் வருகிறது என்கிற ஆளுக்கு இது பெரிய அடி. புகார் கொடுப்பதை ஊழியர்களே விரும்பாததற்கு இதுவும் ஒரு காரணம். இதை யாரும் வெளியில் சொல்வதில்லை.

புள்ளிக்குப் பயந்து கம்பெனி விபத்தை மறைக்காதா?

மறைக்கப் பார்க்கிறவர்கள் உண்டு. நல்ல கேள்வி இது. தண்டனை வலிக்க வலிக்க, அடிபட்டதை மூடி மறைக்கும் ஆசையும் கூடும்.

பழைய வழி 'லைட் டியூட்டி', அதாவது அடிபட்டவருக்கு இலகுவான வேலை. முன்பெல்லாம் எம்.சி. (மருத்துவ விடுப்பு) மூன்று நாளைத் தாண்டினால்தான் அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதி இருந்தது. விரல் எலும்பு உடைந்த ஆளுக்கு இரண்டு நாள் எம்.சி., அப்புறம் லைட் டியூட்டி என்று எழுதி வாங்கிவிட்டால் கணக்கில் வராது. ஆள் கட்டுப்போட்ட கையோடு ஸ்டோரில் உட்கார்ந்திருப்பார். இப்படி ஒரு வழக்கில், 2011ல் சைட்டில் விழுந்து கையில் எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஊழியருக்கு இரண்டே நாள் எம்.சி. தந்து லைட் டியூட்டிக்கு அனுப்பிய மருத்துவருக்கு 2016ல் நீதிமன்றம் ஆறு மாதம் தொழில் செய்யத் தடை போட்டது. ஊழியருக்கு எவ்வளவு ஓய்வு வேண்டும், சைட்டில் அப்படியொரு லைட் டியூட்டி உண்மையில் இருக்கிறதா என்று பார்ப்பது மருத்துவரின் கடமை என்பது அதில் உறுதியானது.

2020 செப்டம்பர் 1 முதல் அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள். வேலையில் அடிபட்டு ஒரு நாள் எம்.சி. கிடைத்தாலும், லைட் டியூட்டி மட்டும் கிடைத்தாலும், முதலாளி பத்து நாளுக்குள் அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். மரணம் என்றால் உடனே. தெரிவிக்காமல் விட்டால் முதல் முறை 5,000 வெள்ளி வரை அபராதம். மறுபடி என்றால் 10,000 வரை, ஆறு மாதம் வரை சிறையும் உண்டு.

விதி இருக்கிறது, சரி. ஆஸ்பத்திரியில் 'எப்படி அடிபட்டது?' என்று கேட்கும்போது பக்கத்தில் சூப்பர்வைசர் நிற்பார். 'ரூம்ல விழுந்துட்டேன்னு சொல்லு' என்று லாரியிலேயே சொல்லிக்கொடுத்துக் கூட்டிவருவது இன்னும் நின்றபாடில்லை. அப்படிச் சொல்லாதீர்கள். நீங்கள் முதலில் சொன்னதுதான் மருத்துவக் குறிப்பில் ஏறும். பின்னால் அதை மாற்றுவது மிகக் கஷ்டம்.

கொக்கி மாட்ட இடமில்லை, ஆனாலும் 'ஏறு' என்கிறார்கள். என்ன செய்வது?

முதலில் சூப்பர்வைசரிடமே கேளுங்கள்: 'அண்ணே, ஹூக் எங்க போடுறது?' சண்டைக்குப் போகிற தொனி இல்லாத, ஆனால் பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வி. அவர் மழுப்பினால் சேஃப்டி ஆபீசர். காலையில் வேலை தொடங்கும் முன்பு நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் கேட்டால் இன்னும் நல்லது. கேட்டதற்குப் பத்து சாட்சி இருக்கும்.

அதுவும் ஆகவில்லையென்றால் அமைச்சு. ஆபத்தான நிலையைப் படம் எடுத்து ஆன்லைனில் அனுப்ப ஸ்னாப்சேஃப் என்ற வசதி வைத்திருக்கிறார்கள். இடம், நேரம், என்ன வேலை என்பது தெரிகிற மாதிரி எடுங்கள். தேதி இல்லாமல் விளிம்பை மட்டும் எடுத்த படம் எந்த சைட் என்றே தெரியாமல் போய்விடும். போனில் சொல்லத் தயக்கமாக இருந்தால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தில் தமிழ் பேசுகிறவர்கள் உண்டு.

இன்ஸ்பெக்டருக்கு உதவியதற்காக ஊழியரை வேலையைவிட்டு நீக்குவதையும் மிரட்டுவதையும் சட்டம் தடுக்கிறது. ஆனால் நடைமுறை என்ன? வொர்க் பெர்மிட் முதலாளி கையில். அவர் அதை ரத்து செய்யக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. 'ப்ராஜெக்ட் முடிந்துவிட்டது' என்றால் போதும். ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் ஊரில் வட்டியோடு காத்திருக்கும். 2018 செப்டம்பரிலிருந்து, பெர்மிட் முடிகிற சமயத்தில் (40 முதல் 21 நாள் முன்பு) பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு கட்டுமானக் கம்பெனிக்கு மாறலாம். நடுவில் மாறச் சம்மதம் வேண்டும். கேமரா, புள்ளி, டெண்டர் என்று எத்தனையோ யோசித்தவர்கள் இந்த ஒரு இடத்தை மட்டும் அரைகுறையாக விட்டிருக்கிறார்கள் என்பது என் வருத்தம். ஆபத்தை முதலில் பார்க்கிறவன் வேலை செய்கிறவன்தான். அவன் வாய் திறந்தால் என்ன ஆகும் என்பதைப் பொறுத்துத்தான் மற்ற எல்லா ஏற்பாடும் வேலை செய்யும்.

தந்த ஹார்னஸை நாங்கள் போடாவிட்டால்?

குற்றம் உங்கள் மேலும் வரும். கொடுத்த பாதுகாப்புச் சாதனத்தைப் பயன்படுத்தாமல் இருப்பதும், வேண்டுமென்றே ஆபத்து உண்டாக்குவதும் ஊழியருக்கும் தண்டனைக்குரியவை.

பாதுகாப்பு கோர்ஸ் தமிழில் உண்டா?

உண்டு. கட்டுமான ஊழியர்கள் பாதுகாப்பு அறிமுக கோர்ஸ் முடிக்காமல் வேலை செய்ய முடியாது, தமிழிலேயே நடத்துகிறார்கள். தொழிலில் ஆறு வருடத்துக்குள் என்றால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், அதற்கு மேல் என்றால் நான்கு வருடத்துக்கு ஒருமுறையும் மறுபடி உட்கார வேண்டும். சைட்டில் தினசரி விளக்கம் எந்த மொழியில் என்பது வேறு கதை. ஆங்கிலமும் தமிழும் பங்களாவும் மாண்டரினும் கலந்து வரும். புரியவில்லை என்றால் கையெழுத்துப் போடும் முன்பு கேளுங்கள். புரிந்தது என்பதற்குத்தான் அந்தக் கையெழுத்து.

லாரியில் கூட்டிப்போவதையும் எம்ஓஎம் பார்க்குமா?

சாலையில் நடப்பது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பொறுப்பு. லாரியின் பின்னால் ஊழியரை ஏற்றிச் செல்வதை நிபந்தனைகளோடு இன்னும் அனுமதிக்கிறார்கள். பேருந்தாக மாற்றச் சொல்லி நாடாளுமன்றத்தில் பலமுறை பேச்சு வந்தும் தடை வரவில்லை. சிறு கம்பெனிகளால் தாங்க முடியாது என்பது பதில்.

சைட்டுக்கு வெளியே இருக்கும் பொதுமக்களின் பாதுகாப்பு?

2025 ஜூலை 26 அன்று தஞ்சோங் காத்தோங் சாலையில் பள்ளம் விழுந்து ஒரு கார் உள்ளே போனது. பக்கத்திலேயே பொதுப் பயனீட்டுக் கழகத்தின் சாக்கடைக் குழாய் வேலை நடந்துகொண்டிருந்தது. அந்த சைட்டில் இருந்த ஏழு வெளிநாட்டு ஊழியர்கள் கயிறு போட்டு, காரை ஓட்டிவந்த பெண்ணைச் சில நிமிடங்களில் மேலே இழுத்தார்கள். அவர்களை முன்னின்று நடத்திய சூப்பர்வைசர் தமிழ்நாட்டுக்காரர். அதிபர் அவர்களைத் தன் மாளிகையான இஸ்தானாவுக்கு அழைத்தார். பாராட்டு நாணயம் கிடைத்தது. பொதுமக்கள் பணம் திரட்டித் தந்தார்கள். பிசிஏ அந்த இடத்தில் வேலையை நிறுத்தியது. பாராட்டு அவர்களுக்குச் சேர வேண்டியதுதான். சாலை ஏன் உள்வாங்கியது என்ற கேள்விக்கும் அதே அளவு வெளிச்சம் கிடைத்திருக்கலாம்.

இத்தனைக்கும் பலன் இருக்கிறதா?

இருக்கிறது. 2004ல் ஒரு லட்சம் ஊழியருக்கு 4.9 மரணம். 2023ல் 0.99; கோவிட்டால் வேலைகள் நின்ற 2020ஐத் தவிர, முதல் முறையாக ஒன்றுக்குக் கீழே. ஆனால் நேர்கோட்டில் இறங்கவில்லை. கோவிட்டுக்குப் பிறகு தேங்கிய வேலைகளை அவசரமாக முடித்தபோது 2022ல் மொத்தம் 46 பேர் வேலையிடங்களில் இறந்தார்கள். அந்த செப்டம்பரிலிருந்து 2023 மே வரை உயர் பாதுகாப்புக் காலம் என்று அறிவித்து, விபத்து நடந்த கம்பெனியின் தலைமை நிர்வாகியே அமைச்சுக்கு நேரில் வந்து பதில் சொல்ல வைத்தார்கள். எண்ணிக்கை 36 ஆக இறங்கியது. 2024ல் மறுபடி 43. அதில் 20 பேர் கட்டுமானத் தொழிலில். பிடி தளர்ந்தால் எண் ஏறுகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அடிபட்டால் எவ்வளவு கிடைக்கும்?

வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தில் தவறு யாருடையது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையில் அடிபட்டது என்றால் போதும். உடலுழைப்பு வேலை செய்யும் எல்லாருக்கும் முதலாளி இன்ஷூரன்ஸ் எடுத்திருக்க வேண்டும்.

2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துக்கு: மரணம் என்றால் 91,000 முதல் 2,69,000 வெள்ளி வரை. நிரந்தர முழு ஊனம் என்றால் 1,16,000 முதல் 3,46,000 வரை. பகுதி ஊனத்துக்கு அதன் சதவீதப்படி. மருத்துவச் செலவு 53,000 வெள்ளி வரை அல்லது விபத்திலிருந்து ஒரு வருடம் வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை. எம்.சி.யில் இருக்கும் முதல் 14 நாளுக்கும், ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் 60 நாள் வரைக்கும் முழுச் சம்பளம். அதற்குப் பிறகு ஒரு வருடம் வரை மூன்றில் இரண்டு பங்கு. முதலாளி மேல் சிவில் வழக்குப் போடும் வழியும் உண்டு, ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம்.

ஊருக்கு அனுப்பிவிட்டால் கேஸ் செத்துவிடுமா?

இல்லை. பெர்மிட் ரத்தானாலும், ஊருக்குப் போய்விட்டாலும், விபத்து நடந்து ஒரு வருடத்துக்குள் இழப்பீடு கேட்கலாம். இங்கேயே இருந்து சிகிச்சையும் கேஸும் முடிக்க அமைச்சு சிறப்பு அனுமதி அட்டை தருவதுண்டு. விமான டிக்கெட்டைக் கையில் கொடுத்து 'ஊரில் போய்ப் பார்த்துக்கொள்' என்றால், ஏறுவதற்கு முன்பு வெளிநாட்டு ஊழியர் நிலையத்தையோ டிடபிள்யூசி2, ஹோம் போன்ற, வெளிநாட்டு ஊழியருக்கு உதவும் அமைப்புகளையோ கூப்பிடுங்கள். எம்.சி. தாள்கள், ஆஸ்பத்திரி பில், சம்பளச் சீட்டு, வொர்க் பெர்மிட்டின் இரண்டு பக்கம், எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். கூட இருந்து பார்த்த இரண்டு பேரின் நம்பரையும் சேர்த்து.